பலகை இழைக்கும் இயந்திரம்

வீட்டிற்கு ஒரு புத்தக அலமாரி செய்ய விழையும் மாணவ நண்பர், மரவாடியிலிருந்து வந்த பலகைகள் கனத்தில் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருப்பதை முதலில் காண்பார். இக்குறையைப் போக்கவே ‘திக்னஸ் பிளேனர்’ என்னும் இயந்திரம் அமைந்துள்ளது. வளைந்த பலகையையும் இது நேராக்கிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. காரணம் என்ன?

இயந்திரத்தினுள் அலகுகள் பூட்டிய தலை வேகமாகச் சுழல்கிறது. அதன் முன்னும் பின்னும் உள்ள உருளைகள் பலகையை மேடையோடு அழுத்தி இழுத்துச் செல்கின்றன. அவ்வழுத்தத்தில் வளைவு மறைகிறது. அலகு மேற்புறத்தைச் சீவுகிறது. வெளியே வந்ததும் பலகை பழைய வளைவுக்கே மீள்கிறது. கனம் சீராயிற்று, வளைவோ போகவில்லை.

ஆகவே முதலில் ஒரு முகத்தைச் சமமாக்க வேண்டும். வடநாட்டார் ‘ரந்தா’ என்று கூறும் இழைப்புளியே இதற்குப் போதும். மேடுகளைச் சீவி, நேரான சட்டம் ஒன்றை மேலே வைத்து, இடையில் ஒளி தெரிகிறதா என்று பார்க்கலாம். இழைப்புளி பழகாதவர், சமமான ஒட்டுப்பலகையின்மேல் வளைந்த பலகையை வைத்து, இடைவெளி உள்ள இடங்களில் ஆப்புகளைச் செருகி, நகராமல் பொருத்தி, இரண்டையும் சேர்த்தே இயந்திரத்தில் விடலாம். மேல்முகம் சமமானபின் ஆப்புகளை நீக்கி, பலகையைப் புரட்டி, மறுமுகத்தைச் சீவுக.

ஒரு தடவைக்கு 1 மி.மீ.க்கு மேல் சீவ வேண்டா. பலகையின் பக்கவாட்டில் நாரோட்டம் தெரியும். அது பின்முனையை நோக்கி மேலேறுமாறு பலகையை விட்டால் மேற்பரப்பு பெரும்பாலும் பிய்யாது. 25 மி.மீ. பலகையை 20 மி.மீ. ஆக்குவதாயின், இரு முகங்களிலும் ஏறத்தாழ ஒத்த அளவு சீவுக. ஒரு புறமே சீவினால், உள்ளிருக்கும் ஈரம் சமமின்றி உலர்ந்து பலகை மீண்டும் வளையக்கூடும். முனைகளில் சிறு பள்ளம் விழுவதுண்டு. ஆதலின் பலகையைச் சற்று நீளமாக வைத்திருந்து, பின்னர் முனைகளை அறுத்துவிடுக.

பழைய மரமாயின் ஆணிகளை முற்றும் பிடுங்கியபின்னரே விடுக. 35 செ.மீ.க்குக் குறைந்த துண்டுகளை விடலாகாது. இரு உருளைகளின் பிடியும் கிட்டாமல் அவை எகிறும். கண்ணாடியும் காதடைப்பும் அணிந்து, பலகைக்கு நேர் பின்னால் நில்லாது பக்கத்தில் நிற்க வேண்டும். சிக்கிய சீவலைக் கையால் எடுக்குமுன் மின்னிணைப்பைத் துண்டிக்க மறவாதீர்.

முதல் முகத்தைச் சமமாக்கச் சோம்பியவர், அலமாரியின் தட்டு ஆடுவதை நாள்தோறும் கண்டு வருந்த நேரும்.