பழைய பிக்கப் வண்டி இடையிடையே தொடங்க மறுப்பதேன்?

மாலையிற் பறித்த கத்தரிக்காயையும் பயிற்றங்காயையும் விடியுமுன் சந்தையிற் சேர்க்க வேண்டிய கமக்காரருக்கு, வண்டி ஒரு நாள் நின்றுவிட்டால் அன்றைய விலை போயிற்று. 2020 மார்ச்சு மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இலேயே மீண்டும் பரவலாக அனுமதிக்கப்பட்டமையால், மூன்று இலட்சம் கிலோமீற்றரைக் கடந்த வண்டிகளும் படுவான்கரையில் இன்னும் உழைக்கின்றன. ஒன்பது தடவை ஒழுங்காகத் தொடங்கிப் பத்தாந் தடவை மறுப்பது இவ்வண்டிகளின் பொதுவான நோயாகும்.

கரடியனாற்றுக் கமக்காரர் ஒருவரின் வண்டி காலையிற் குறையின்றித் தொடங்கும். செங்கலடியிற் சரக்கை இறக்கிவிட்டுத் திறப்பைத் திருப்பினால் 'டிக்' என்னும் ஓரொலி மாத்திரம் கேட்கும். அரை மணி நேரம் ஆறவிட்டால் மீண்டும் தொடங்கும். ஓராண்டுக்குள் அவர் இரண்டு பற்றரிகள் வாங்கினார். நோய் தீரவில்லை.

பற்றரி வாங்குமுன் முன்விளக்குகளை எரியவிட்டுத் திறப்பைத் திருப்பிப் பாருங்கள். வெளிச்சம் மிக மங்கி 'டிக் டிக்' என விரைந்து ஒலித்தால், பற்றரியிலோ அதன் முனைகளிலோ குறையுண்டு. வெளிச்சம் குன்றாது ஒரேயொரு பலத்த ஒலி கேட்டால் ஸ்ராட்டரையே ஐயுற வேண்டும். ஒலியே இல்லையெனில் திறப்பு ஆளியையும் ஸ்ராட்டருக்குச் செல்லும் சிறு கம்பியையும் பார்க்க வேண்டும்.

இரவு முழுதும் ஓய்ந்திருந்த நல்ல பற்றரி ஏறத்தாழ 12.6 வோல்ற்று காட்டும், 12.2 என்றால் அரைவாசியே மின்னேறியுள்ளது. ஸ்ராட்டர் சுழலும்போது 9.6க்குக் கீழே இறங்குதல் ஆகாது. அடுத்து, எஞ்சினின் வெறும் இரும்புக்கும் பற்றரியின் எதிர்முனைக்கும் இடையே மீற்றரை வைத்து, வேறொருவரைத் திறப்பைத் திருப்பச் சொல்லுங்கள். 0.5 வோல்ற்றுக்கு மேற் காட்டினால் நிலக்கம்பி பழுதுற்றதென அறிக. யூரியா ஏற்றும் வண்டிகளில் இது அடிக்கடி நேர்வது. சிந்திய பசளைத்தூள் ஈரத்தை இழுத்து இரும்பையும் செம்பையும் அரித்துவிடும். முனைகளிற் படிந்த வெள்ளை, பச்சைப் பூப்பை அப்பச்சோடா கரைத்த நீராற் கழுவலாம். அந்நீர் பற்றரியினுள்ளே புகலாகாது. கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், பூட்டும்போது கடைசியிலும் கையாளுக. பற்றரியருகே பீடி, சுருட்டு வேண்டாம். அதிலிருந்து வெளிவரும் ஐதரசன் வாயு தீப்பற்றும்.

மேற்கூறிய கமக்காரரின் வண்டியில் இவையாவும் சரியாகவே இருந்தன. ஸ்ராட்டரின் சொலினொயிட்டைத் திறந்தபோதுதான் உண்மை தெரிந்தது. அதனுள் இரு செப்புத் தொடுகைகள் உள. ஒவ்வொரு தடவை தொடங்கும்போதும் தீப்பொறியால் அவை சிறிது தேயும். ஒன்று மற்றதிலும் மிகுதியாகத் தேய்ந்தால், உள்ளே நகரும் செப்புத்தட்டு இரண்டையும் ஒருங்கே தொடாது. ஒலி கேட்கும், மோட்டார் சுழலாது. எஞ்சின் சூடேறியபின் கம்பிச்சுருளின் தடை கூடி இழுவிசை குறைவதால், நோய் வெப்பத்தில் வெளிப்படுகிறது. ஸ்ராட்டர் முழுவதையும் மாற்றத் தேவை இருக்கவில்லை. இரு தொடுகைகளை மாற்றியதே போதுமாயிற்று. தட்டிலும் பள்ளம் விழுந்திருந்தால் அதனையும் மாற்றுவிக்க வேண்டும். அங்கே வரும் தடித்த கம்பியில் எப்போதும் மின் இருப்பதால், பற்றரியைக் கழற்றாமற் கை வைக்கலாகாது.

ஸ்ராட்டரின் உடலை மரப்பிடியால் மெதுவாகத் தட்டியதும் வண்டி தொடங்கினால், காபன் பிரசுகளோ தொடுகைகளோ தேய்ந்தமைக்கு அது சான்று. கியரை நடுநிலையில் வைத்து, கைத்தடையை இழுத்த பின்னரே தட்டுக. இது வீடு வந்து சேர உதவும், மருந்தன்று. வண்டியை மேட்டில் நிறுத்தி உருட்டித் தொடக்கும் வழக்கம் எமக்கும் தெரிந்ததே. பாரம் ஏற்றிய வண்டியை வாய்க்காற் கட்டில் அவ்வாறு உருட்டுதல் ஆபத்தானது.

எஞ்சின் நன்றாகச் சுழன்றும் தீப்பிடியாதிருந்தால், டீசல் குழாயிற் காற்றுப் புகுந்ததா, ஹீற்றர் பிளக் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். கராச்சுக்குப் போகுமுன், வண்டி மறுத்த நேரம், சூடா குளிரா, கேட்ட ஒலி எது என்பவற்றைக் குறித்துக்கொண்டு செல்லுங்கள். சொலினொயிட்டை உங்கள் முன்னிலையிலே திறந்து காட்டும்படி கேளுங்கள்.