விஞ்ஞானப் போஸ்டர் அமைக்கும் முறை



மாநாட்டு மண்டபமொன்றில் நூறு போஸ்டர்கள் வரிசையாகத் தொங்குகின்றன. தேநீர் இடைவேளையில் அவ்வழியே வரும் பேராசிரியர் எதன்முன் நிற்பார்? இரண்டாண்டு உழைப்பு அங்கே இரண்டு நிமிடத்தில் எடைபோடப்படுகிறது. அந்த இரண்டு நிமிடத்தைப் பெற்றுத் தருவதே போஸ்டரின் வேலை.

நம்மிற் பலர் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழிலேயே பயின்று, பின்னர் வெளி மாநிலத்திற்கு வந்தவர்கள். பொருள் நன்கு தெரியும். ஆங்கிலத்தில் சொல்லத்தான் நாக்குத் தயங்குகிறது. அத்தகையோர்க்கு நல்ல போஸ்டர் பக்கத்தில் நிற்கும் துணைவனைப் போன்றது. பாதிச் செய்தியை அதுவே சொல்லிவிடும்; மீதியை விரலால் சுட்டி விளக்கலாம்.

இதற்கு விலையுயர்ந்த மென்பொருள் வேண்டுமோ? வேண்டவே வேண்டா. திருட்டுப் பிரதியைத் தேடி அலையவும் வேண்டா. ஓப்பன் ஆபீஸிலிருந்து கிளைத்து 2010-ஆம் ஆண்டில் தோன்றிய லிப்ரே ஆபீஸ் எவர்க்கும் இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் அது இயங்கும். அதன் உறுப்புகளுள் ‘டிரா’ என்பதைக் கொண்டு போஸ்டர் அமைக்கும் முறையைப் படிப்படியாகக் காண்போம்.

1. தாளின் அளவு

முதற்கண் மாநாட்டார் தரும் பலகையின் அளவைக் கேட்டறிக. பெரும்பாலும் ஏ0 என்பார்கள். அதன் அகலம் 841 மில்லிமீட்டர், உயரம் 1189 மில்லிமீட்டர். பரப்பு ஒரு சதுர மீட்டர். பதினாறு ஏ4 தாள்களை ஒட்டினால் ஓர் ஏ0 ஆகும். ஆயின் பக்க நீளம் நான்கு மடங்கே. இந்த நான்கு என்னும் எண்ணை நினைவில் வையுங்கள், பின்னர்ப் பயன்படும்.

டிராவில் ‘பேஜ் பிராப்பர்ட்டீஸ்’ என்னும் பகுதியைத் திறந்து, ஓரெழுத்தும் இடுமுன்னரே 84.1, 118.9 சென்டிமீட்டர் என அளவைக் குறித்துவிடுங்கள். பிறகு மாற்றினால், அமைத்ததையெல்லாம் மறுபடியும் ஒழுங்குபடுத்த நேரும்.

2. பத்திப் பிரிப்பு

இருபுறமும் 30 மில்லிமீட்டர் ஓரம் விட்டால் எஞ்சுவது 781. மூன்று பத்திகளுக்கிடையே 20 வீதம் இரண்டு இடைவெளி விட்டால், ஒவ்வொரு பத்தியின் அகலமும் 247 மில்லிமீட்டர் ஆகும். கண்மதிப்பில் இழுத்து வைக்காதீர்கள். பெட்டியைத் தேர்ந்து எஃப்4 விசையை அழுத்தினால் இடமும் அளவும் எண்களாகத் தோன்றும். அவ்வெண்களைத் திருத்தினால் பெட்டிகள் கயிறு பிடித்தாற்போல் நேராக நிற்கும்.

3. எழுத்தின் அளவு

தலைப்புக்கு 90 பாயிண்டு, உட்தலைப்புக்கு 44, உரைக்கு 28 என்பது நல்ல அளவு. உரை 24-க்குக் கீழே இறங்கலாகாது. இடம் போதவில்லையெனில் எழுத்தைச் சிறிதாக்காமல் சொற்களைக் குறையுங்கள். ஐந்நூறு சொற்கள் போதும். ஆய்வேட்டை அப்படியே கொண்டுவந்து சுவரில் ஒட்டுவது போஸ்டர் ஆகாது.

தலைப்பிலேயே முடிவைச் சொல்லிவிடுங்கள். உதாரணமாக, ‘சாயத்தின் மீது வெப்பத்தின் விளைவு’ என்பது வெறும் பெயர்ப்பலகை. ‘60 டிகிரிக்கு மேல் இச்சாயம் வெளுக்கிறது’ என்றால் அது செய்தி. நடந்து செல்பவர் அதைப் படித்ததும், ‘ஏன்?’ என்று கேட்க நிற்பார்.

4. படங்கள்

கணினித் திரையில் அழகாகத் தோன்றும் படம் அச்சில் மங்கிப் போவதேன்? புள்ளிகள் போதாமையே காரணம். அங்குலத்திற்கு 150 புள்ளி என்று கொண்டால், 20 சென்டிமீட்டர் அகலப் படத்திற்கு ஏறத்தாழ 1,180 புள்ளிகள் தேவை. இணையத்தில் எடுத்த 600 புள்ளிப் படம் அவ்வகலத்தில் பாதித் தெளிவே தரும். வரைபடங்களை எஸ்.வி.ஜி. வடிவில் சேமித்துச் சேர்த்தால் இத்தொல்லை இல்லை. எவ்வளவு பெரிதாக்கினும் கோடு கூர்மையாகவே இருக்கும். மேலும், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர் நம்மிடையே உண்டு. ஆகவே வரைபடத்தில் அவ்விரு நிறங்களை மட்டும் நம்பி வேறுபாடு காட்டாதீர்கள்.

5. சிக்கனமான சோதனை

முடித்தபின் ஓர் ஏ4 தாளில் அதைச் சுருக்கி அச்சிடுங்கள். பக்கங்கள் நான்கில் ஒன்றாகச் சுருங்குவதால், 28 பாயிண்டு எழுத்து 7 ஆகும். அத்தாளை அரை மீட்டர் தூரத்தில் பிடித்துப் படியுங்கள். படிக்க முடிந்தால், உண்மைப் போஸ்டரை இரண்டு மீட்டர் தொலைவில் நிற்பவர் படிப்பார். முடியாவிட்டால், பெருந்தாளுக்குப் பணம் கொடுக்குமுன்னரே குறை தெரிந்துவிட்டது, திருத்திக்கொள்ளலாம்.

6. அச்சகத்திற்கு அனுப்புதல்

டிராவின் மூலக் கோப்பைக் கொடுக்காதீர்கள். நம் எழுத்துரு அங்குள்ள கணினியில் இல்லையெனில் வரிகள் குலையும். தமிழ் எழுத்துகள் வெறுங் கட்டங்களாகவும் மாறலாம். பி.டி.எஃப். ஆக ஏற்றுமதி செய்தால் எழுத்துருவும் கோப்பினுள்ளேயே அடங்கிவிடும். அச்சிடுபவரிடம் ‘தாளுக்கேற்பச் சுருக்காமல் நூறு விழுக்காட்டில் அச்சிடுக’ என்று சொல்ல மறவாதீர்கள்.

இன்னும் ஒன்று. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் தம் பெயரால் வழங்கும் விளைவை 1928 பிப்ரவரி 28-இல் கண்டறிந்தார். அந்நாளே 1987 முதல் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. நம் பல்கலைக் கழகத்தில் அன்று தொங்கும் போஸ்டர்களுள் ஒன்றேனும் தமிழில் இருக்கலாகாதா? யூனிகோடு எழுத்துருவான ‘நோட்டோ சான்ஸ் தமிழ்’ இலவசமாகவே கிடைக்கிறது. விஞ்ஞானத் துறையில் பயிலும் ஒவ்வொருவரும் தம் ஆராய்ச்சியை ஊரிலுள்ள தம்பி தங்கையர்க்கு விளங்கும்படி ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுதும்போதுதான் நமக்கே எது விளங்கியது, எது விளங்கவில்லை என்பது புலப்படும். அந்தத் தெளிவோடு ஆங்கிலப் போஸ்டரை அமைக்கத் தொடங்குங்கள். மண்டபத்தில் நாக்கும் தயங்காது.