கீரையின் இரும்புச்சத்து உடம்பில் சேர...

இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. கீரை, பருப்பு, கம்பில் இருக்கும் இரும்பைக் குடல் கொஞ்சமாகத்தான் உறிஞ்சும். கூடச் சாப்பிடும் பொருளைப் பொறுத்து அந்த அளவு கூடும், குறையும்.

● முருங்கைக்கீரைப் பொரியலை அடுப்பிலிருந்து இறக்கி, சூடு தணிந்ததும் எலுமிச்சை பிழியுங்கள். அதிலுள்ள வைட்டமின் சி இரும்பை எளிதில் சேரவைக்கும். அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் அந்த வைட்டமின் ஓரளவு வீணாகும். ஒரு நெல்லிக்காயைக் கடித்துக்கொண்டாலும் சரி.

● சாப்பிட்ட கையோடு டீ, காபி வேண்டாம். ஒரு மணி நேரமாவது போகட்டும்.

● பச்சைப்பயறு, கொண்டைக்கடலையை முளைகட்டிச் சமைத்தால், இரும்பைத் தடுக்கும் பைட்டேட் குறையும்.

● அசைவம் சாப்பிடுவோருக்கு ஆட்டு ஈரல், சுவரொட்டி நல்லது. கர்ப்பிணிகள் மட்டும் ஈரலை டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடட்டும். அதில் வைட்டமின் ஏ மிக அதிகம்.

● இரும்பு மாத்திரையைப் பாலோடு விழுங்காதீர்கள். தண்ணீரே போதும்.

● ஓயாத அசதி, படியேறினால் மூச்சிரைப்பு, கீழ் இமையின் உட்புறம் வெளுத்திருப்பது ஆகியவை தெரிந்தால் ஹீமோகுளோபின் பரிசோதனை அவசியம். கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை.