ஆழ்கடல் கேள்வி-பதில்: திருட்டுப் பயமும் டைவரும்

கே: நண்பர்கள் ஐந்து பேர் கரீபியனில் உள்ள பொனேர் தீவுக்குப் போகிறோம். கரையிலிருந்தே இறங்கி டைவ் செய்யப் போகிறோம். வாடகை பிக்கப் வண்டிக்குக் கூடுதலாக ஒரு நல்ல பூட்டு வாங்கிக்கொள்ளலாமா? (கோவை)

பூட்டே வேண்டாம். பொனேரில் பழகியவர்கள் வண்டியைப் பூட்டாமல், கண்ணாடியையும் இறக்கிவிட்டுத்தான் தண்ணீரில் இறங்குவார்கள். பூட்டியிருந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். ஒரு பழைய சட்டைக்காகக் கண்ணாடி உடையும், அந்தச் செலவு உங்கள் தலையில் விழும். அங்கே டைவ் இடங்களுக்கு அடையாளமாகச் சாலையோரம் மஞ்சள் பூசிய கற்கள் வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு வழி காட்டும் அதே கல், பக்கத்தில் நிற்கும் வண்டிக்காரர்கள் இன்னும் முக்கால் மணி நேரம் தலைகாட்ட மாட்டார்கள் என்று திருடனுக்கும் சொல்கிறது. அதனால் வண்டியில் துண்டு, குடிதண்ணீர், பழைய செருப்பு மட்டும் இருக்கட்டும். பாஸ்போர்ட்டும் கார்டுகளும் போனும் அறையின் லாக்கரில் இருக்கட்டும். பொனேரில் புழங்குவது அமெரிக்க டாலர். மதியச் சாப்பாட்டுக்கான நோட்டு உங்களோடு நனைந்தால் நனையட்டும், காய்ந்துவிடும்.

கே: வண்டிச் சாவியை டயர் மேல் ஒளித்து வைக்கலாமா? (மதுரை)

கூடாது. எல்லோரும் அங்கேதான் வைக்கிறார்கள். வண்டி எடுக்கும்போதே ரிமோட் இல்லாத வெறும் சாவியாகக் கேளுங்கள், பி.சி.டி. ஜாக்கெட் பாக்கெட்டுக்குள் கொக்கியில் மாட்டிக்கொண்டு இறங்குங்கள். ரிமோட் சாவிதான் கிடைத்தது என்றால் அதற்கென்று நீர்புகா டப்பா வேண்டும். வாங்கும்போது எத்தனை மீட்டர் ஆழம் தாங்கும் என்று பாருங்கள். 20 மீட்டரில் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல மூன்று மடங்கு. நீச்சல்குளத்துக்கு விற்கும் பிளாஸ்டிக் பை அதற்கு நிற்காது.

கே: தாய்லாந்தின் கோ தாவ் தீவில் ஸ்கூட்டர் வாடகைக்கு பாஸ்போர்ட்டை ஈடாகக் கேட்கிறார்களாமே? (சிங்கப்பூர்)

கொடுக்காதீர்கள். திருப்பித் தரும்போது பழைய கீறலைக் காட்டிப் பணம் கேட்டால், பாஸ்போர்ட் அவர்கள் கையில் இருக்கும்வரை உங்களால் வாதாடவே முடியாது. ரொக்க முன்பணம் வாங்கிக்கொள்ளும் கடையைத் தேடுங்கள். வண்டியைச் சுற்றிவந்து, கடைக்காரர் எதிரிலேயே வீடியோ எடுங்கள். தகராறு முற்றினால் சுற்றுலாப் போலீஸ் எண் 1155.

கே: டைவ் முடித்து மேலே வந்தபோது கரையில் ஒருவன் எங்கள் பையைத் தூக்கிக்கொண்டிருந்தான். என் கணவர் ஐந்து மீட்டர் நிறுத்தத்தைக்கூட முடிக்காமல் மேலே வந்தவர். சிலிண்டரைக் கழற்றி வீசிவிட்டு அவனைத் துரத்தி ஓடினார். பை கிடைத்துவிட்டது. ஆனால் அவர் செய்தது சரியா? (திருச்சி)

சரியில்லை அம்மா. பையில் என்ன இருந்திருந்தாலும் சரியில்லை. ஆழத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைந்து சேர்கிறது. மெதுவாக ஏறி, ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பது அது அமைதியாக வெளியேறத்தான். அதை விட்டுவிட்டு மேலே வந்ததும் மூச்சிரைக்க ஓடினால், உடம்புக்குள் குமிழி உண்டாகும் வாய்ப்பைக் கூட்டுகிறோம். மூட்டுவலியில் தொடங்கிப் பக்கவாதம்வரை போகக்கூடிய நோய் அது. அதற்கான அழுத்த அறை பல தீவுகளில் கிடையாது. படகோ விமானமோ பிடிக்க வேண்டும்.

துரத்தியதைவிட எனக்குக் கவலை தருவது, அவர் ஏன் அவசரமாக மேலே வந்தார் என்பதுதான். பை கரையில் கிடக்கிறது என்ற நினைப்போடுதானே இறங்கியிருப்பார்? அப்படி இறங்குகிறவர் காற்றளவு மானியைப் பார்க்க மறப்பார், கூட வரும் உங்களையும் மறப்பார். திருடன் எடுத்துப் போகக்கூடிய எதையும் கரைக்குக் கொண்டுவராதீர்கள் என்று நான் எல்லோரிடமும் மன்றாடுவது பொருளைக் காப்பாற்ற இல்லை, தண்ணீருக்குள் உங்கள் கவனத்தைக் காப்பாற்ற. அவன் கையில் கத்தி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் உங்கள் கணவரிடம் கேளுங்கள். இனி எப்போதாவது நிறுத்தத்தைத் தவறவிட்டால் அன்று மறுபடி இறங்க வேண்டாம். மரத்துப்போதல், மூட்டுவலி, வழக்கத்துக்கு மீறிய அசதி தெரிந்தால் உடனே ஆக்சிஜன், உடனே மருத்துவர்.

கே: பாலியில் என் ஃபின்கள் காணாமல் போயின. இந்தத் தீவுக்காரர்களை நம்பவே முடியாதா? (சென்னை)

இப்படி எழுத எப்படி மனம் வந்தது? 1963-இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் சரிந்த லிபர்ட்டி கப்பலைப் பார்க்கத்தானே பாலியின் துலாம்பென் கரைக்குப் போகிறோம்? அங்கே உருளைக்கற்கள் மேல் நம் சிலிண்டரைத் தலையில் சுமந்துவரும் பெண்கள் யார்? அந்த ஊர்க்காரர்கள். நான் பார்த்தவரை, தொலைந்த கருப்பு ஃபின் பெரும்பாலும் அதே படகில் வந்த இன்னொரு டைவரின் பையில்தான் இருக்கும். பளிச்சென்ற வண்ணத்தில் பெயர் எழுதிவையுங்கள்.

கே: டைவ் கம்ப்யூட்டர் திருடுபோனது. ஊர் திரும்பியபின் காப்பீடு கேட்டால் மறுக்கிறார்கள். (சேலம்)

அந்த ஊர்ப் போலீஸிடம் புகார் கொடுத்து அதன் நகலை வாங்காமல் விமானம் ஏறிவிட்டீர்கள் அல்லவா? காப்பீட்டார் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான். அடுத்த பயணத்துக்கு முன், கருவிகளின் வரிசை எண்ணைப் படம் எடுத்து வீட்டாருக்கு அனுப்பிவையுங்கள்.

கே: ரெகுலேட்டரைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பலாமா? (கொழும்பு)

கைப்பையில் கொண்டுபோங்கள், கம்ப்யூட்டரையும் மாஸ்க்கையும் சேர்த்து. டார்ச்சின் உதிரி லித்தியம் பேட்டரிகளும் கைப்பையில்தான் போக வேண்டும்; அது விமான விதி. ஃபின்னும் ஜாக்கெட்டும் பெட்டியில் போகட்டும். அவை வராமல் போனாலும் தீவில் வாடகைக்குக் கிடைக்கும்.