திரையும் குடியானவரும்: கணினிச் சேவை எளிதாக அமையும் வழி

கலப்பையின் மேழி உழுகிறவரின் கைக்கு ஏற்ற உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை ஏர் பிடித்தவர் யாவரும் அறிவர். மேழி பொருந்தாவிடில் உழவரைக் குறை கூறுவார் இல்லை. தச்சரை அழைத்துத் திருத்தச் சொல்வார்கள். இன்று வருமானச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை மனு, கர்ப்பிணிப் பதிவு, மருத்துவக் காப்பீடு முதலிய பல சேவைகள் கணினித் திரை வழியாகக் கிராமத்தை அடைகின்றன. ஆயின், திரையின் முன் ஒருவர் தடுமாறினால், “படிக்காதவர், இது அவருக்கு வராது” என்று கூறி ஒதுக்கிவிடுகிறோம். மேழியின் விஷயத்தில் காட்டும் நியாயத்தைத் திரையின் விஷயத்திலும் காட்ட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2021ஆம் ஆண்டு கற்பித்த பாடம்

கொரோனா தடுப்பூசி இயக்கம் நம் நாட்டில் 2021 ஜனவரி 16 அன்று தொடங்கியது. அதற்கெனக் ‘கோவின்’ என்னும் இணையத்தளம் அமைக்கப்பட்டது. அதில் போற்றத்தக்க அம்சங்கள் இரண்டு இருந்தன. பிறந்த தேதியைக் கேளாமல் பிறந்த ஆண்டை மட்டும் கேட்டது. தேதி அறியாத முதியோருக்கு இது உதவியாயிற்று. ஒரே கைப்பேசி எண்ணில் நால்வர் பதிவு செய்துகொள்ள இடமளித்தது. வீட்டுக்கு ஒரு கைப்பேசி மட்டும் உள்ள குடும்பங்களுக்கு இது ஏற்றதாக அமைந்தது.

ஆயினும், மே 1 முதல் 18 வயதுக்கும் 44 வயதுக்கும் இடைப்பட்டோருக்கு ஊசி போடத் தொடங்கியபோது இணையத்தில் முன்பதிவு கட்டாயமாயிற்று. அப்போது பதிவுத் திரை ஆங்கிலத்தில் இருந்தது. இந்திய மொழிகள் ஜூன் மாதத்திலேயே சேர்க்கப்பட்டன. இணையப் பழக்கமுள்ளோர் இடங்களை விரைந்து பெற்றனர், மற்றோர் பின்தங்கினர். மே 24 அன்று அரசு மையங்களில் நேரிலேயே பதிவு செய்ய அனுமதி தரப்பட்டது. இணைய வசதியற்றோரின் நிலை குறித்து மே 31 அன்று உச்ச நீதிமன்றமும் வினா எழுப்பியது. ஜூன் 21 முதல் எல்லா மையங்களிலும் நேர்ப்பதிவு நடைமுறைக்கு வந்தது. ஒரே இணையத்தளத்தில் நல்ல அமைப்பும் இருந்தது, தடையும் இருந்தது. அந்தத் தடையால் ஏற்பட்ட தாமதம் உயிர் காக்கும் ஊசி பெறுவதில் ஏற்பட்ட தாமதம் என்பதை நாம் மறத்தலாகாது.

நல்ல திரையின் இலக்கணம்

1. சொற்கள் எளியவையாக இருத்தல் வேண்டும். “பயனர் அடையாளம்” என்பதைவிட “உங்கள் கைப்பேசி எண்” என்பது தெளிவு. 2011ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கின்படி, தமிழகத்தில் 7 வயதும் அதற்கு மேலும் உடையவருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் எழுத்தறியாதவர். ஆகையால் படமும் ஒலியும் உடனிருத்தல் நலம்.

2. ஒரு திரையில் ஒரு கேள்வியே போதும். இருபது கட்டங்களை ஒருங்கே கண்டால் கற்றவரும் மலைப்பர்.

3. பெயர் கேட்கும் முறை நம் வழக்கத்துக்கு ஒத்திருத்தல் வேண்டும். நம்மவருள் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் தலைப்பெழுத்தே உண்டு. “குடும்பப் பெயர்” என்ற கட்டம் கட்டாயமானால், ஓர் ஆவணத்தில் தலைப்பெழுத்து முன்னும், மற்றொன்றில் பின்னும் பதிவாகும். பிறகு இரண்டு ஆவணங்களும் பொருந்தவில்லை என்று மனு திருப்பப்படும்.

4. பிழை நேர்ந்தால் திருத்தும் வழியைத் திரையே கூற வேண்டும். “தவறான பதிவு” என்பதால் பயனில்லை. “கைப்பேசி எண்ணில் 10 இலக்கங்கள் வேண்டும், 9 மட்டுமே உள்ளன” என்பதே உதவி.

5. எழுத்துப் பெரிதாகவும் பின்னணியிலிருந்து தெளிவாகப் பிரிந்தும் தெரிய வேண்டும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதோர் உளர். எனவே நிறத்தோடு சொல்லும் இருக்க வேண்டும்.

6. இடையில் அலைத்தொடர்பு அற்றுப்போனாலும் எழுதியவை அழியலாகாது. மனு முடிந்ததும் ஒப்புகை எண் தாளிலோ குறுஞ்செய்தியிலோ கைக்கு வர வேண்டும்.

இவை சலுகைகள் அல்ல. அரசு இணையத்தளங்கள் யாவர்க்கும் எட்டத்தக்கனவாக இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2009ஆம் ஆண்டிலேயே வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. கணினி வழிச் சேவைகளை அணுகும் வாய்ப்பு, அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு உறுதிசெய்யும் வாழ்வுரிமையில் அடங்கும் என உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்துள்ளது.

ஐவரைக் கொண்டு சோதனை

திரை நன்றாக உள்ளதா என்பதைக் கிராமத்திலேயே சோதிக்கலாம். அதற்குப் பொறியாளர் தேவையில்லை. இத்துறை அறிஞர் ஜேக்கப் நீல்சன், ஐந்து பேர் உபயோகிப்பதைக் கவனித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்படும் என்று 2000ஆம் ஆண்டில் எழுதினார்.

ஒரு முதியவர், எழுத்தறியாத ஒரு பெண்மணி, ஒரு விவசாயி, பார்வை குன்றிய ஒருவர், ஓர் இளந்தாய் ஆகிய ஐவரை அவர்தம் விருப்பத்தின் பேரில் அழையுங்கள். ஒவ்வொருவரிடமும் ஒரே வேலையைக் கொடுங்கள்; எடுத்துக்காட்டாக, “உங்கள் மனு எந்த நிலையில் உள்ளது என்று பாருங்கள்” என்று கூறலாம். அருகில் அமர்ந்து கவனியுங்கள். விரல் நீட்டி உதவாதீர்கள். எங்கே தயங்கினார், எந்தச் சொல் விளங்கவில்லை, எவ்விடத்தில் கைவிட்டார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய ஆதார் எண்ணையோ நோய் விவரத்தையோ எழுதலாகாது. ஐவரில் மூவர் ஒரே இடத்தில் நின்றுவிட்டால், குறை அவ்விடத்தில்தான் உள்ளது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் இக்குறிப்பைப் படித்து, தீர்மானமாக நிறைவேற்றி, உரிய துறைக்கு அனுப்பலாம். “இணையம் சரியில்லை” என்ற பொதுவான புகாரைவிட, இன்ன திரையில் இன்ன சொல் விளங்கவில்லை என்ற குறிப்பே திருத்தத்துக்கு வழி வகுக்கும்.

திரையல்லாத வழியும் வேண்டும்

எத்துணை எளிய திரையாயினும் சிலருக்கு அது எட்டாது. 2008ஆம் ஆண்டு முதல் தமிழகத்தில் இயங்கும் 108 ஆம்புலன்ஸ் சேவைக்கு மூன்று இலக்கங்களே போதும். மறுமுனையில் மனிதக் குரல் பதில் சொல்லும். 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மருந்து வீடு தேடி வருகிறது. நோயாளி எந்தத் திரையையும் தொட வேண்டியதில்லை. ஆகவே ஒவ்வொரு கணினிச் சேவைக்கும் பக்கத்தில் ஒரு தொலைபேசி எண்ணோ, நேரில் உதவும் ஓர் அலுவலரோ இருத்தல் இன்றியமையாதது. உதவுகிறவர் ஓ.டி.பி. எண்ணைக் கேட்டால் அது எதற்கு என்பதை விளக்க வேண்டும்; நோய் விவரத்தைப் பிறர் கேட்கும்படி உரக்கப் படித்தல் கூடாது.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் தெருவிளக்கையும் குடிநீர்க் குழாயையும் பார்வையிடுவது போலவே, தம் ஊரார் உபயோகிக்கும் திரையையும் பார்வையிடுதல் வேண்டும். அடுத்த கிராம சபை கூடுமுன் ஒரு பிற்பகலை இதற்கென ஒதுக்கி, ஐவரை அமர்த்திச் சோதித்துப் பாருங்கள். அவர்கள் தயங்கிய இடங்களின் பட்டியலே, அத்திரையை அமைத்தோர்க்கு உங்கள் ஊர் அளிக்கும் மிகப் பயனுள்ள உதவியாகும்.