திருடு போனால் தெரியாமலா இருக்கும்?

"எங்கள் டேட்டாபேஸில் யாராவது கை வைத்தால் உடனே தெரிந்துவிடும்." நிறுவனம் நடத்துபவர்கள் ஓயாமல் சொல்லும் வாசகம் இது. எப்படித் தெரியும் என்று கேட்டால் காரணங்களும் வரும்: சர்வர் திணறும், இணைய வேகம் குறையும், ஏதாவது காணாமல் போயிருக்கும், ஃபயர்வால் எச்சரிக்கும். இவற்றில் ஒன்றுகூட நடந்தாக வேண்டிய கட்டாயமில்லை. தரவுத் திருட்டில் வெளியே போவது நகல் மட்டும்தான். வாடிக்கையாளர் அட்டவணை மறுநாள் காலையிலும் அப்படியே இருக்கும், பில் போடும் மென்பொருள் வழக்கம்போல ஓடும், யாரும் புகார் செய்ய மாட்டார்கள். உள்ளே நுழைந்தவர் வேலையைக் கெடுக்க வரவில்லை. எதுவும் கெடாமல் பார்த்துக்கொள்வதில் நிறுவனத்தைவிட அவருக்கு அக்கறை அதிகம். "இதுவரை எங்களுக்கு ஒன்றும் ஆனதில்லை" என்று அடுத்த மூச்சில் பெருமைப்படுகிறார்களே, அதுதான் பெரிய ஆபத்து. ஒன்றும் ஆகவில்லை என்பதைச் சோதித்துப் பார்த்து அவர்கள் சொல்லவில்லை. பல நாட்டு நிறுவனங்களை ஆராய்ந்து ஐபிஎம் 2023-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஒரு ஊடுருவலைக் கண்டுபிடிக்கவே சராசரியாக 204 நாள் ஆகிறது. கட்டுக்குள் கொண்டுவர மேலும் 73 நாள்.

அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்தைப் பாருங்கள். கடன் தகுதி மதிப்பிடும் இந்த நிறுவனத்திடமிருந்து 2017-இல் சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் களவு போயின. அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளில் இருந்த ஓட்டைக்கு அந்த ஆண்டு மார்ச்சிலேயே திருத்தம் வெளிவந்துவிட்டது. அது போடப்படாத சர்வர் வழியாக மே மாதம் திருடர்கள் நுழைந்தார்கள். உள்ளே ஒரு கோப்பில் யூசர் பெயர்களும் பாஸ்வேர்டுகளும் மறையாக்கம் செய்யப்படாமல் கிடந்தன. அவற்றைக் கொண்டு வேறு 48 டேட்டாபேஸ்களுக்குப் போய், ஏறக்குறைய 9,000 வினவல்களை (தரவு கேட்கும் கட்டளைகளை) அனுப்பினார்கள்; 265 முறை தனிநபர் விவரம் கிடைத்தது. 76 நாள் இப்படியே போயிற்று. கண்காணிப்புக் கருவி இல்லாமலா? இருந்தது. மறையாக்கம் செய்யப்பட்ட போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்கும் அந்தக் கருவிக்கு வேண்டிய பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகி 19 மாதம் ஆகியிருந்தது என்கிறது அமெரிக்க நாடாளுமன்றக் கீழவைக் குழுவின் 2018 அறிக்கை. கருவி பொருத்தியபடியே இருந்தது, மின்சாரமும் ஓடியது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. ஜூலை 29 அன்று சான்றிதழைப் புதுப்பித்தார்கள். சந்தேகப் போக்குவரத்து உடனே கண்ணில் பட்டது. அங்கே 300-க்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் காலாவதியாகிக் கிடந்தன என்பதையும் அதே அறிக்கை பதிவுசெய்கிறது. கருவி வாங்கியதோடு கடமை முடிந்தது என்று நினைப்பவர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும்.

"அவ்வளவு தரவு வெளியே போனால் நெட்வொர்க்கில் தெரியாதா?" என்று ஒரு வாதம் வரும். மொத்தமாக அள்ளிக்கொண்டு போனால் தெரியலாம். ஈக்விஃபாக்ஸ் வழக்கில் அமெரிக்க நீதித் துறை 2020-இல் வெளியிட்ட குற்றப்பத்திரிகையின்படி, எடுத்த தகவலைச் சுருக்கி, சிறு துண்டுகளாக்கி, ஏறத்தாழ 20 நாடுகளில் இருந்த 34 சர்வர்கள் வழியாகக் கடத்தியிருக்கிறார்கள். சர்வரில் நடப்பதைக் குறித்து வைக்கும் பதிவுக் கோப்புகளையும் நாள்தோறும் அழித்திருக்கிறார்கள். வெளியே போகும் வாசலில் மட்டும் ஆள் நிறுத்தினால் இது பிடிபடாது. பார்க்க வேண்டிய இடம் டேட்டாபேஸின் வாயிலேயே இருக்கிறது: யார் கேட்டார், எந்த அட்டவணையைக் கேட்டார், எத்தனை வரிசை திரும்பி வந்தது.

ஸ்டார்வுட் ஓட்டல்களின் முன்பதிவு டேட்டாபேஸில் நடந்தது இதற்கு நேரான சான்று. அதற்குள் 2014-இலேயே ஆட்கள் புகுந்துவிட்டார்கள். 2016-இல் மேரியாட் நிறுவனம் ஸ்டார்வுட்டை வாங்கியது. கூடவே அந்தத் திருடர்களையும் வாங்கியது. அவர்கள் புகுந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2018 செப்டம்பரில், டேட்டாபேஸ் வினவல்களைக் கவனிக்கும் கார்டியம் என்ற கருவி ஓர் எச்சரிக்கை தந்தது. ஒரு நிர்வாகியின் கணக்கிலிருந்து, ஓர் அட்டவணையில் மொத்தம் எத்தனை வரிசைகள் என்று எண்ணிச் சொல்லும்படி ஒரு வினவல் வந்திருந்தது. விசாரித்தபோது, கணக்குக்கு உரியவர் அப்படி எதுவும் கேட்கவே இல்லை. ஒரே ஒரு வரிக் கேள்வி நான்கு ஆண்டுக் களவை வெளிக்கொண்டுவந்தது. ஆனால் கார்டு விவரம் இருந்த அட்டவணைகளுக்கு மட்டும்தான் அந்தக் கண்காணிப்பு போடப்பட்டிருந்தது. வேறு அட்டவணையைத் தொட்டிருந்தால் அன்றைக்கும் மணி அடித்திருக்காது.

"ஒரு நாளைக்கு லட்சக்கணக்கில் வினவல் ஓடும் இடத்தில் எதைப் பார்ப்பது?" என்பது நியாயமான கேள்வி. டேட்டாபேஸ் நிர்வாகிகளின் தலைமேல் இன்னொரு சுமையை ஏற்றுவதில் எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் அந்த லட்சத்தில் பெரும்பகுதி மென்பொருள் தானாகக் கேட்பது. ஒரு ஆர்டர் செயலியின் கணக்கு ஆண்டு முழுவதும் ஒரே சில வகைக் கேள்விகளைத்தான் கேட்கும், ஒரு தடவைக்கு ஒரு வாடிக்கையாளரின் வரிசையைத்தான் எடுக்கும். அதே கணக்கு ஓர் இரவில், எந்தெந்த அட்டவணைகள் இருக்கின்றன என்று பட்டியல் கேட்டாலோ, ஒரே மூச்சில் 50,000 வரிசைகளை இழுத்தாலோ, அதைக் கண்டுபிடிக்க மேதை தேவையில்லை. வழக்கம் என்ன என்பதை முதலில் எழுதி வைத்திருக்க வேண்டும். அதைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. வட்டில் உள்ள தரவை மறையாக்கம் செய்துவிட்டோம் என்பவர்கள் கவனிக்க: சரியான பாஸ்வேர்டோடு உள்ளே வருபவருக்கு டேட்டாபேஸே பூட்டைத் திறந்து கொடுத்துவிடும். கிளவுட் நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்பதும் பொய். 2024-இல் ஸ்னோஃப்ளேக் என்ற கிளவுட் நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் பலரின் தரவு போனது திருடப்பட்ட பாஸ்வேர்டுகளால், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லாத கணக்குகள் வழியாக. சிறு நிறுவனத்தை யார் சீண்டப்போகிறார்கள் என்பவர்களுக்கு ஒன்று: ஓட்டையைத் தேடி அலைவது தானியங்கி நிரல், அது பெயர்ப்பலகை பார்ப்பதில்லை.

இந்தியாவில் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த ஆணைப்படி பதிவுக் கோப்புகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 180 நாள் என்பது ஐபிஎம் சொன்ன 204 நாளைவிடக் குறைவு. சட்டத்துக்காக வைத்திருப்பதோடு நிறுத்தாமல் ஓராண்டாவது வைத்திருங்கள். அதுவும் டேட்டாபேஸ் இருக்கும் அதே சர்வரில் வைக்காதீர்கள். டேட்டாபேஸ் நிர்வாகியால்கூட அழிக்க முடியாத வேறொரு கணினிக்கு, உண்டாகும்போதே அனுப்பிவிட வேண்டும். நான் எங்கும் வற்புறுத்துவது இன்னொன்று: பொறி வரிசைகள். வாடிக்கையாளர் அட்டவணையில் கற்பனை மனிதர்கள் சிலரின் பெயரைச் சேர்த்து, ஒவ்வொருவருக்கும் வேறெங்கும் பயன்படுத்தாத ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுங்கள். அந்த முகவரிக்கு ஒரு விளம்பரக் கடிதம் வந்தாலும் உங்கள் அட்டவணை வெளியே போய்விட்டது என்று பொருள். யாரும் தொடத் தேவையில்லாத ஓர் அட்டவணையை 'சம்பள விவரம்' என்ற பெயரில் வைத்து, அதை எவர் திறந்தாலும் உங்களுக்கு எச்சரிக்கை பறக்கும்படி செய்யுங்கள். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒருவர் உட்கார்ந்தால் ஒரு பிற்பகலில் முடிந்துவிடும்.