கொள்ளை நோயும் கடைவீதியும்

நோய் என்பது டாக்டர்களும் அரசும் கவனிக்க வேண்டிய காரியம் என்று வணிகர்கள் ஒதுங்கி இருந்துவிட முடியாது. கொள்ளை நோய்க் காலத்தில் கோவில், பள்ளிவாசல், பள்ளிக்கூடம், சினிமாக் கொட்டகை எல்லாம் அடைபட்டாலும் மளிகைக் கடை திறந்திருக்க வேண்டும். அந்த நாட்களில் நாம் நடந்துகொள்ளும் முறையை மக்கள் நெடுநாள் மறப்பதில்லை. இதற்குச் சரித்திரத்தில் இரண்டு பாடங்கள் உள்ளன.

முதற் பாடம் 1918-ஆம் ஆண்டு. முதல் உலகப் போரினால் கப்பலும் ரயில் வேகனும் கிடைக்காமல் அரிசி, துணி, உப்பு, மண்ணெண்ணெய் விலைகள் ஏறின. பருவமழையும் பொய்த்தது. செப்டம்பரில் சென்னையில் தானியக் கடைகள் சூறையாடப்பட்டன. அதே ஆண்டில் பரவிய இன்புளூயன்சா காய்ச்சலுக்கு இந்தியாவில் ஒரு கோடிக்கும் அதிகமானோர் பலியாயினர். வியாபாரி பதுக்குகிறார் என்ற எண்ணம் விழுந்துவிட்டால், சரக்கு உண்மையிலேயே இல்லை என்றாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

இரண்டாம் பாடம் 2020-ஆம் ஆண்டு. மார்ச் 24 மாலை தமிழகத்தில் 144 தடை உத்தரவு வந்தது; மறுநாள் முதல் நாடெங்கும் ஊரடங்கு. ஏப்ரல் 5 முதல் மளிகைக் கடைகளுக்குக் காலை 6 மணி முதல் பகல் 1 மணி வரையே அனுமதி. வாரச்சந்தைகள் நின்றன. நமது அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. வீரசோழன் போன்ற ஊரில் சந்தை நின்றால் ஆடு வளர்ப்பவர் கைக்குக் காசு வராது. அவர் கையில் காசு இல்லையென்றால் நம் கடையில் பருப்பும் எண்ணெயும் நகராது. திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போனவர்கள் ஊர் திரும்பியதால், வீட்டுக்கு வந்த பணம் நின்று, சாப்பிடும் வாய்கள் கூடின. சரக்கு போனது, ஆனால் கல்லா நிறையவில்லை, கடன் நோட்டுதான் நிறைந்தது.

ஆயினும் 1918-ல் நடந்தது போல நடக்கவில்லை. ரேஷன் கடையில் விலையில்லா அரிசியும், அட்டைக்கு 1000 ரூபாயும் கிடைத்தன. சரக்கு லாரிகளுக்குத் தடை இல்லை. இவற்றோடு, முகம் தெரிந்தவருக்குக் கடன் கொடுத்த சிறு கடைக்காரரும் ஒரு காரணம். பெரிய நிறுவனங்கள் அந்தக் கடனைக் கொடுக்கவில்லை. இதுவே நமது பலம். இதைக் காக்கச் சில வழிகள்:

1. ஏற்றுக்கூலியும் லாரி வாடகையும் உயர்ந்து விலை ஏறினால், கொள்முதல் பில்லைக் காட்டி விளக்குங்கள். விலைப்பலகை வையுங்கள். கூட்டம் கண்டு விலையை ஏற்றாதீர்கள்.

2. ஒருவருக்கே மூடை மூடையாகக் கொடுக்காமல் அளவு வைத்துக் கொடுங்கள். பிந்தி வரும் கூலிக்காரருக்கும் அரிசி இருக்க வேண்டும்.

3. ஒரே ஊர்க் கொள்முதலை நம்பாதீர்கள். 2020 மே 5-ல் கோயம்பேடு மூடப்பட்டு, காய்கறி வியாபாரம் திருமழிசைக்குப் போனது. ஜூன் 24 முதல் ஜூலை 14 வரை மதுரையில் முழு ஊரடங்கு. மதுரையோடு விருதுநகரிலும் கணக்கு வைத்திருப்பது நல்லது.

4. கடனுக்கு வரம்பு வையுங்கள். சிறு சிறு தொகையாகத் திருப்பித்தர வழிவிடுங்கள். மொத்த வியாபாரிகளாகிய நாங்கள் தவணை கொடுத்தால்தான் சில்லறைக் கடைக்காரர் வாடிக்கையாளருக்குக் கொடுக்க முடியும். வங்கித் தவணைக்கு 2020 ஆகஸ்ட் வரை ரிசர்வ் வங்கி அவகாசம் அளித்தபோதும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆகவே மூன்று மாதச் செலவுக்குக் கைமுதல் ஒதுக்குவது அவசியம்.

5. வாடிக்கையாளரின் போன் எண்களைக் குறித்து வையுங்கள். 2021 மே 24 முதல் மளிகைக் கடைகளும் அடைக்கப்பட்டன. மே 31 முதல் வண்டியில் கொண்டுபோய் விற்கவும், வீட்டிற்கே அனுப்பவும் அனுமதி கிடைத்தது. எண்களை வைத்திருந்தவர்கள் உடனே வியாபாரத்தைத் தொடங்கினார்கள்.

6. கடை வாசலில் இடைவெளிக்குக் கோடு போடுவதை இழப்பாக எண்ணாதீர்கள். கோயம்பேட்டில் கூட்டத்தில் பரவிய நோய், ஊர் திரும்பிய தொழிலாளர்களுடன் பல மாவட்டங்களுக்குப் போனது.

அடுத்த நோய் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் ஒரு கூட்டம் போட்டு, கடை நேரம், விலை, கடன், வீட்டு விநியோகம் ஆகியவற்றுக்கு முன்கூட்டியே ஒரு ஏற்பாடு எழுதி வைத்துக்கொண்டால், அந்த நாளில் நமது கடைவீதி ஊருக்குத் துணையாக நிற்கும்.